ரட்டர் பெடல் வாங்கும் முன் மேசைக்கு அடியில் பாருங்கள்

ஆசையாக ரட்டர் பெடல் வாங்கி, கொஞ்ச நாளில் அதை மேசைக்கு அடியில் ஓரமாகத் தள்ளிவிட்டு, மறுபடி ஜாய்ஸ்டிக்கைத் திருகியே சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என்ன ஆயிற்று என்று கேட்டால் சென்சார் சரியில்லை என்பார்கள், இன்னும் விலை கூடியதை வாங்கியிருக்க வேண்டும் என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பெடலில் ஒரு குறையும் இருக்காது. தரை வழுக்கும், அல்லது நாற்காலி பின்னால் ஓடும், அல்லது பிரேக் தலைகீழாக அமைந்திருக்கும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். பெடல் தேர்வு என்பது பாதி உங்கள் அறையைப் பற்றிய தேர்வு. அதனால் எந்த விமானம், எந்த இடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்தக் கம்பெனி என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

எந்த விமானம்

பெடலுக்கு இரண்டு வேலை. காலை முன்னே தள்ளினால் வாலில் உள்ள சுக்கான், அதாவது ரட்டர், திரும்பும். ஒரு பெடல் முன்னே போனால் மற்றது பின்னே வரும். பெடலின் மேல்பகுதியை விரல் பக்கத்தால் அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். இதுதான் டோ பிரேக்.

செஸ்னா 172 மாதிரியான சின்ன விமானம்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் இரண்டும் கட்டாயம் வேண்டும். தரையில் ஓடும்போது அதன் பெடல் மூக்குச் சக்கரத்தை ஒரு பக்கத்துக்கு 10 டிகிரிதான் திருப்பும். குறுகலான இடத்தில் வளைக்க ஒருபக்க பிரேக்கை மிதிக்க வேண்டும், அப்போது 30 டிகிரி வரை திரும்பும். முழு பவர் கொடுத்துக் கிளம்பும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது காலால் பிடித்துக்கொண்டே போக வேண்டும், மேலே ஏறும்போதும் விடக் கூடாது. பெடலுக்குக் கொடுக்கும் காசு முழுதாக வசூலாவது இந்த வகை விமானத்தில்தான்.

ஏர்பஸ் 320, போயிங் 737 மட்டுமே ஓட்டுகிறவர்கள் விலை உயர்ந்த பெடலுக்குப் போக வேண்டியதில்லை. தரையில் அவற்றை வளைப்பது டில்லர் என்ற கைச்சக்கரம். 320-இல் டில்லர் மூக்குச் சக்கரத்தை 75 டிகிரி வரை திருப்பும், பெடல் வெறும் 6 டிகிரிதான். வானத்தில் ஏறியபின் காலுக்கு அநேகமாக வேலையே இல்லை. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது, பக்கக்காற்றில் இறங்கும்போது, ஒரு எஞ்சின் நின்றுபோனால், அவ்வளவுதான் பெடலைத் தேடுவீர்கள். நடுத்தர விலைப் பெடல் தாராளமாகப் போதும். பெடல் வந்தபின் ஜாய்ஸ்டிக்கின் திருகு அச்சு சும்மா கிடக்கும்; அதை டில்லருக்குக் கொடுத்துவிடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் வசதி இது, பலருக்குத் தோன்றுவதில்லை.

இரண்டாம் உலகப் போர் விமானங்களும் பழைய ரஷ்ய விமானங்களும் வேறு கதை. ஸ்பிட்ஃபயரில் டோ பிரேக்கே கிடையாது. கைப்பிடியில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் காற்றழுத்த பிரேக் பிடிக்கும், எந்தப் பக்கம் அதிகம் பிடிக்க வேண்டும் என்பதை ரட்டரின் நிலை முடிவு செய்யும். மிக்-21, யாக்-52 இரண்டும் அப்படித்தான். இவற்றை மட்டுமே ஓட்டுகிறவருக்கு விகேபி கம்பெனியின் டி-ரட்டர் போல டோ பிரேக் இல்லாத பெடல் கச்சிதமாகப் பொருந்தும், இடமும் குறைவாகப் பிடிக்கும். இடையிடையே செஸ்னாவும் ஓட்டுவீர்கள் என்றால் அதை வாங்காதீர்கள்.

ஹெலிகாப்டருக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றவோ நன்றாகத் தளர்த்தவோ முடியுமா? பறக்கும் நேரமெல்லாம் பெடலை ஒரு பக்கமாகவே பிடித்திருக்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் எதிர்த்துக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் கடுக்கும். ஸ்பிரிங்குக்குப் பதில், அசைவை மெதுவாக்கும் டேம்பர் போட வசதி உள்ள பெடல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

தரையும் நாற்காலியும்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. காலால் ஒரு பொருளை முன்னே தள்ளினால் அதே விசை உங்களைப் பின்னே தள்ளும். பெடலின் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் கால்கள் மேலைநாட்டு வீட்டுக் கம்பளத்தில் ஓரளவு பிடிக்கலாம். நம் வீட்டுப் பளபளப்பான டைல்ஸ் மேல், கொஞ்சம் தூசியும் சேர்ந்தால், வழுக்கிக்கொண்டு போகும். பெடல் நகராத அளவுக்குக் கனமாக இருந்தாலும் சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் உருளும். இரண்டில் ஒன்று நகர்ந்தே தீரும்.

உருள்வதைவிட மோசமானது நாற்காலி சுழல்வது. வலது காலை அழுத்தினால் சுழல் நாற்காலி மெல்லத் திரும்பும், கூடவே உடம்பு திரும்பும், தோள் திரும்பும், ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கையும் ஒரு கால் அங்குலம் இழுபடும். ரட்டர் கொடுத்தால் இறக்கையும் சேர்ந்து சாய்கிறதே என்று குழம்புகிறவர்கள் செட்டிங்கைத் தோண்டும் முன் நாற்காலியைப் பாருங்கள்.

என் விதி: சிமுலேட்டருக்குச் சக்கர நாற்காலியும் கூடாது, சுழல் நாற்காலியும் கூடாது. நான்கு கால் மர நாற்காலி, காலுக்கு ரப்பர் புஷ், முதுகுக்கு ஒரு தலையணை. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். அதன் கால்கள் வளைந்து கொடுக்கும், நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும்.

ஆபீஸ் நாற்காலியைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், அதன் நடுத்தண்டையும் பெடலின் அடிச்சட்டத்தையும் ஒரு பட்டை நாடாவால் இழுத்துக் கட்டுங்கள். பைக்கில் சாமான் கட்டும் கிளிப் வைத்த நாடா போதும், ஆனால் நீளும் எலாஸ்டிக் வகை கூடாது. கட்டியபின் கால் பெடலைத் தள்ளுவதும் முதுகு நாற்காலியைத் தள்ளுவதும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும், தரைக்கு வேலையே இல்லை. நாற்காலி உருள்வது இதோடு நின்றுவிடும். சுழல்வது நிற்காது.

பெடலைப் பிடித்து வைக்க நான் பரிந்துரைக்கும் முதல் வழி சுவர். பெரும்பாலான வீடுகளில் மேசை சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. பெடலை உங்களுக்கு வசதியான தூரத்தில் வையுங்கள். அதற்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து, மரக்கடையில் ஒரு ரீப்பர் துண்டை அதே நீளத்துக்கு அறுத்து வாங்கி இடையில் கொடுங்கள். முடிந்தது. எவ்வளவு அழுத்தினாலும் பெடல் அசையாது. யுஎஸ்பி கேபிள் மட்டும் ரீப்பருக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் இல்லாத இடத்தில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று. முன்பக்கம் பெடலைத் திருகி முடுக்குங்கள், பின்பக்கம் நாற்காலியின் முன்கால்கள் பலகை மேல் நிற்கட்டும். உங்கள் எடையே பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நாற்காலி ஒரு பக்கம் சாயாமல் இருக்கப் பின்கால்களுக்கும் அதே கனத்தில் துண்டுப் பலகை வைக்க மறக்காதீர்கள். பெடலின் அடியில் திருகு துளை இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இருபக்க டேப்பை நம்ப வேண்டாம், நம் ஊர் வெயிலில் பசை இளகிவிடும்.

அடுத்தது உயரம். எழுத்து வேலைக்கு உட்காரும் உயரத்தில் உட்கார்ந்தால் கால் பெடலை முன்னே தள்ளாது, கீழே மிதிக்கும். கீழே மிதித்தால் ரட்டரோடு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். இருக்கையைத் தாழ்த்தி, பெடலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து, கால் முன்னோக்கி நீளும்படி உட்காருங்கள். குதிகால் கீழே ஊன்றியிருக்க, பெடலின் கீழ்ப்பகுதியில் பாதம் படிய வேண்டும். பிரேக் வேண்டும்போது மட்டும் பாதத்தை மேலே நகர்த்துவதுதான் முறை. கார் ஓட்டிப் பழகிய கால் எப்போதும் பெடலின் மேல்முனையைத்தான் தேடும், அந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள். மேசை விளிம்பில் யோக் மாட்டியிருப்பவர்கள் முட்டி அதில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு பெடல்களுக்கு நடுவில் உள்ள அகலத்தை யாரும் கவனிப்பதில்லை. திரஸ்ட்மாஸ்டரின் விலை குறைந்த டிஎஃப்ஆர்பி, சிஎச் புரோ பெடல்ஸ் இரண்டும் குறுகலானவை. முட்டிகள் ஒன்றையொன்று நெருங்க உட்கார வேண்டியிருக்கும். ஒல்லியானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் தொந்தரவில்லை. உயரமானவர்களுக்கும், ஜாய்ஸ்டிக்கை இரு கால்களுக்கு நடுவில் நிறுத்தி ஓட்டுகிறவர்களுக்கும் அது ஆகாது.

இதையெல்லாம் வாங்கும் முன்பே சோதிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் நினைத்திருக்கும் பெடலின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு, அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி மேசைக்கு அடியில் போடுங்கள். பெடல் முழுதாக முன்னே போவதற்கு இன்னும் ஒரு சாண் இடம் விடுங்கள். பாதம் வரும் இடத்தில் இரண்டு கனமான புத்தகங்களைச் சாய்த்து வைத்து, அதன் மேல் காலை வைத்து ஒரு முழுப் பயணம் ஓட்டிப் பாருங்கள். மேசையின் குறுக்குச்சட்டம் கணுக்காலில் இடிப்பது, யுபிஎஸ் பெட்டி வழியில் நிற்பது, எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். திரஸ்ட்மாஸ்டர் டிபிஆர் மாதிரி பெடல் மேலிருந்து தொங்கும் வகை என்றால் உயரத்தையும் அளக்க வேண்டும். அதன் சட்டம் உயரமானது, எடையும் சுமார் 7 கிலோ.

நடுப்புள்ளி

ஓடுபாதையில் நேராகப் போக நீங்கள் கொடுக்கும் ரட்டர் மிகக் கொஞ்சம். பெடல் முழுத் தூரம் போவது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் நடுவை ஒட்டிச் சில மில்லிமீட்டருக்குள்தான் கால் அசைகிறது. ஆகவே ஒரு பெடலின் தரம் அதன் நடுவில்தான் இருக்கிறது.

மலிவான பெடல்களில் நடுவில் ஒரு பள்ளம் இருப்பது போல ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்கும். மெல்ல அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கொஞ்சம் கூட்டினால் படக்கென்று விடுபட்டு, வேண்டியதைவிடத் தூரம் போய்விடும். திருத்தப் போனால் மறுபக்கம் படக்கென்று போகும். விமானம் ஓடுபாதையில் பாம்பு மாதிரி நெளியும். பலர் இதைத் தங்கள் கையாலாகாத்தனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஸ்பிரிங்கின் குணம்.

கடையிலோ நண்பர் வீட்டிலோ பெடல் கிடைத்தால் இப்படிச் சோதியுங்கள். விண்டோஸில் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் தேடித் திறந்தால் ரட்டருக்கு ஒரு பட்டை தெரியும். கண்ணைப் பட்டையில் வைத்து, வலது காலின் கட்டைவிரல் அடியால் மட்டும் மெல்ல, மிக மெல்ல அழுத்துங்கள். கால் அசைந்த கணமே பட்டையும் அசைய வேண்டும். பிறகு இடக்கோடி வரை தள்ளி, காலை எடுத்துவிட்டு, பட்டை எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். வலக்கோடியிலிருந்தும் அதையே செய்யுங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வேறு வேறு இடத்தில் நின்றால் உராய்வு அதிகம் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. யாருமே தொடாதபோது பட்டை துடித்துக்கொண்டிருந்தால் சென்சார் தேய்ந்துவிட்டது.

லாஜிடெக் பெடலில் இறுக்கத்தை மாற்ற நடுவில் ஒரு திருகி உண்டு. சாய்டெக் என்ற பெயரில் நம்மில் பலர் அறிந்த அதே பெடல்தான் இது. 2016-இல் சாய்டெக்கை லாஜிடெக் வாங்கியது. டர்ட்டில் பீச் வெலாசிட்டிஒன் பெடலில் ஸ்பிரிங்கையே மாற்றிப் போடலாம், அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். குரோஷியாவில் தயாராகும் எம்எஃப்ஜி கிராஸ்விண்ட் போன்றவற்றில் கேம் என்ற வளைவுத் தகட்டை மாற்றி நடுவின் குணத்தையே மாற்றிக்கொள்ளலாம். வசதி கூடக் கூட விலையும் கூடும், விரலுக்குத் தக்க வீக்கம் போதும்.

சென்சாரைப் பற்றிச் சுருக்கமாக. பொட்டென்ஷியோமீட்டர் உரசி வேலை செய்வது, தூசி சேர்ந்தாலும் தேய்ந்தாலும் துடிக்கும். ஹால் சென்சார் காந்தத்தை வைத்துத் தொடாமல் அளப்பது, தேய்மானம் இல்லை. காசு இருந்தால் ஹால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. பழைய பொட்டென்ஷியோமீட்டர் துடிக்க ஆரம்பித்தால், டிவி ரிப்பேர் கடைகளில் பயன்படுத்தும் காண்டாக்ட் கிளீனரை அடித்து நாலைந்து முறை இருபக்கமும் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அதில் அடிக்காதீர்கள், எண்ணெய் தங்கித் தூசியை இழுக்கும்.

எக்ஸ்பாக்ஸில் ஓட்டுகிறவர்கள் கவனம்: கணினிக்கான யுஎஸ்பி பெடல் எல்லாம் அதில் வேலை செய்யாது. வெலாசிட்டிஒன் எக்ஸ்பாக்ஸுக்கென்றே அனுமதி பெற்றது. டிஎஃப்ஆர்பி வேண்டுமென்றால் அதே கம்பெனியின் ஹோட்டாஸ் ஒன் ஜாய்ஸ்டிக்கின் பின்னால் உள்ள துளையில் செருக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பெடலுக்குச் சுங்க வரி, கூரியர் கட்டணம், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு, மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள். பழைய பெடல் வாங்குவதானால், மேலே சொன்ன பட்டைச் சோதனையை விற்பவரிடம் வீடியோவாகக் கேளுங்கள்.

இணைத்தபின்

செருகியதும் பறக்கக் கிளம்பாதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் அடிக்கடி வரும் சிக்கல், பிரேக் தலைகீழாக இருப்பது. காலை எடுத்தால் முழு பிரேக், மிதித்தால் விடுதலை. முழு பவர் கொடுத்தும் விமானம் நகரவில்லை என்றால் காரணம் அநேகமாக இதுதான். கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் இடது பிரேக் ஆக்சிஸ், வலது பிரேக் ஆக்சிஸ் இரண்டிலும் ரிவர்ஸ் பெட்டியில் டிக் போடுங்கள்.

ஜாய்ஸ்டிக்கின் திருகு அச்சை ரட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் ஒன்றோடொன்று சண்டை போடும். டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டரில் இன்னும் ஒரு படி கூடுதல் வேலை. புதுக் கருவி எதைச் செருகினாலும் அதன் அச்சுகளை அதுவாகவே ஏதாவதொன்றுக்குக் கொடுத்துவிடும். டோ பிரேக்கை மிதித்தால் மூக்கு மேலே போவது இதனால்தான். பெடலின் பத்தியில் ரட்டர், இரண்டு பிரேக் தவிர மற்ற அச்சுகளை அழியுங்கள், அதையும் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக.

உதவிகள் பட்டியலில் உள்ள ஆட்டோ ரட்டரை அணைத்துவிடுங்கள். அது இயங்கும் வரை சிமுலேட்டரே உங்கள் காலுக்குப் பதில் வேலை செய்துகொண்டிருக்கும், பெடல் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

டெட் ஜோன், அதாவது நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி, 2 அல்லது 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் பெடலைத் திருப்பிக் கொடுங்கள். நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் வேகமாகவும் இருக்கும்படி வளைவை மாற்றச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். கால் பழகும் வரை அதைத் தொடாதீர்கள், நேர்கோடாகவே இருக்கட்டும். பறக்கும் நடுவில் பெடல் தூங்கிப்போனால் விண்டோஸின் யுஎஸ்பி மின்சேமிப்பை அணையுங்கள்.

சோதனை ஓட்டம்

செஸ்னா 172-ஐ எடுத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்குப் போங்கள். டாக்சி பாதையில் மஞ்சள் கோட்டின் மேல், பிரேக்கைத் தொடாமல், நடக்கும் வேகத்தில் மூக்குச் சக்கரத்தை நிறுத்திப் பாருங்கள். கோட்டின் இருபுறமும் அலைந்தால் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள்.

அடுத்து காற்றை 150 டிகிரியிலிருந்து 12 நாட் என்று வையுங்கள். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்துதான் வரும், அதனால் இது கற்பனைக் காற்று இல்லை. 07 ஓடுபாதைக்கு இது வலப்பக்கத்திலிருந்து அநேகமாகக் குறுக்காக அடிக்கும். 172-இல் சோதித்துக் காட்டப்பட்ட பக்கக்காற்று அளவு 15 நாட், அதற்குள்தான் இருக்கிறோம். மூக்கை வலப்பக்கம் திருப்பியபடி இறங்கி வாருங்கள். தரை தொடும் முன் இடது காலால் மூக்கை ஓடுபாதைக்கு நேராக்கி, அதே நேரத்தில் ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். கால் ஒரு பக்கமும் கை மறுபக்கமும் போகும் இந்தச் சில நொடிகளில் பெடல், நாற்காலி, தரை எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்படும்.

இறங்கி நின்றதும் பெடல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கிளம்பும் முன் பென்சிலால் தரையில் ஒரு கோடு போட்டிருந்தால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். நகர்ந்திருந்தால் ரீப்பரைச் சரிசெய்யுங்கள். நகராமல் இருந்தும் மூக்கை நேராக்கும்போது விமானம் படக்கென்று துள்ளியது என்றால், நடுவின் இறுக்கத்தைக் குறைத்து இன்னொரு முறை இறங்குங்கள். இறுக்கத்தைக் குறைக்க வழியில்லாத பெடல் என்றால் அது உங்களுக்கு ஏற்றதில்லை. இந்தச் சோதனையைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் அதுவரை தூக்கி எறிய வேண்டாம்.